கல்லிடை ஓடும் நீர்

புத்தளம் மாவட்டத்தின் மேற்கெல்லையில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ, வடதிசை நோக்கி நீண்டு கிடக்கும் மணற்றரை கற்பிட்டிக் குடாநாடாகும். அதன் கடற்பக்கத்தே அமைந்த ஊர் தலவில. அங்குள்ள அன்னம்மாள் ஆலயத்தின் விழாக்கள் மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் நிகழ்வன. ஓகஸ்ட் விழாவிற் பல்லாயிரவர் கூடுவர். அக்காலமோ அப்பகுதியின் நீண்ட வரட்சியின் நடுப்பகுதி. மே மாதந்தொட்டுப் பெருமழை காணாத நிலத்தில், அலையோசை காதில் விழும் தூரத்தில், மணலைச் சிறிது ஆழத் தோண்டினால் உவர்ப்பற்ற நீர் ஊறுகின்றது. அயலிலே ஆறும் இல்லை, குளமும் இல்லை.

இவ்வியப்புக்குரிய விடை எளியதே. மழைநீர் மணலிடையே இறங்கிக் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்நீரினும் நிறை குறைந்தது ஆதலின், கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதனைத் தாங்குதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் அமிழ்ந்திருத்தல் வேண்டும். ஒல்லாந்தராகிய பாடன் கைபன் என்பாரும், அவருக்குப் பின் 1901-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய எர்சுபேக் என்பாரும் தனித்தனியே கண்ட விதி இது. இங்ஙனம் அமையும் நீர்த்திரள் நடுவே தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் மூக்குக்கண்ணாடி வில்லை போலத் தோன்றுதலின் நன்னீர் வில்லை எனப்படும். மணலிலே எவ்விடத்துத் தோண்டினும் நீர் உண்டு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். மணனிலத்து நீரின் இலக்கணம் பெரும்பாலும் இவ்வளவிலே அடங்கும்.

தலவிலக் கரையினின்று கிழக்கு நோக்கிச் செல்வோர் இரண்டு நிலங்களைக் கடந்து மூன்றாவதொன்றை அடைகின்றனர். மணலுக்கு அடுத்து வருவது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். புத்தளத்தில் தொடங்கி வடக்கே யாழ்ப்பாணம் வரை கரையோரமாகப் படர்ந்துள்ள கல் இதுவே; சீமெந்துத் தொழிலுக்காக அருவாக்காட்டில் அகழப்படுவதும் இதுவே. நீர் இக்கல்லைக் கரைத்துத் தனக்கு வழி செய்துகொள்ளும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சுண்ணக்கல்லையும் கடந்து ஆனமடுவை நோக்கிச் சென்றால் நிலத்தின் தோற்றமே வேறாகின்றது. செம்மண் மெல்லிதாகப் போர்த்த தரையிடையே யானை முதுகு போன்ற கற்பாறைகள் எழுந்து நிற்கும். இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இத்தகைய பளிங்குருப் பாறைகளாலாயது. யாழ்ப்பாணத்தாருக்குப் பழகிய சுண்ணக்கல் எஞ்சிய ஒரு பங்கிற் சேர்ந்ததே என்பது பலர் நினையாததொன்று.

பளிங்குருப் பாறை என்பது யாது? கருங்கல்லும், நைசு எனப்படும் வரிப்பாறையும், அவை போன்ற பிறவும் இப்பெயர் பெறும். பூமியின் ஆழத்தே பெருவெப்பத்திலும் பேரமுக்கத்திலும் கனிப்பொருள்கள் பளிங்குகளாக உருப்பெற்று ஒன்றோடொன்று இறுகக் கோத்துக்கொண்டமையால் இவை தோன்றின. இலங்கைப் பாறைகளின் இன்றைய வடிவம் ஏறத்தாழ ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா எனப்படும் பழம்பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில் முற்றுப்பெற்றது. மணலில் மணிக்கும் மணிக்கும் இடையே வெளியுண்டு. கன அளவில் மூன்றிலொரு பங்குவரை அவ்வெளியாயிருத்தல் கூடும். இறுகிய கருங்கல்லிலோ நூற்றிலொரு பங்குதானும் வெளி இராது. இருக்கும் வெளியும் ஒன்றோடொன்று தொடர்பற்றது. ஆகவே, உடையாத கருங்கல்லினூடாக நீர் செல்லுதல் இல்லை என்றே கொள்ளலாம்.

ஆனால் உடையாத கருங்கல் இவ்வுலகில் இல்லை. ஆழத்திலிருந்த பாறை, மேலேயிருந்த சுமை அரிப்புண்டு நீங்கியபின் விரிவடைந்து, வெங்காயத் தோல் உரிவதுபோல நிலமட்டத்துக்கு இணையாகத் தட்டுத்தட்டாக வெடிக்கும். குளிர்ந்து சுருங்குதலாற் பிறக்கும் வெடிப்புக்களும், கண்டங்கள் இழுபட்டு நெரிபடுதலாற் பிறக்கும் வெடிப்புக்களும் பெரும்பாலும் செங்குத்தாயமைந்து, இரண்டு மூன்று திசைகளில் அணிவகுத்து நிற்கும். கல்லுடைப்போர் இதனை நன்கறிவர். கல் எத்திசையிற் பிளக்கும் என்பதைக் கண்டே உளி வைப்பர். வெடிப்பின் இருபுறமும் ஒன்றையொன்று தள்ளி நகர்ந்திருப்பின் அது பிளவுப் பெயர்ச்சி எனப்படும். இவற்றுட் பெரியவை பல மைல் நீளம் செல்வன.

இத்தகைய பெயர்ச்சிக்குப் புத்தளம் மாவட்டத்திலேயே சிறந்த சான்று உண்டு. மீ ஓயாவை அடுத்த தப்போவப் பகுதியிலும், தெற்கே ஆண்டிகமப் பகுதியிலும், சூழவெங்கும் பழம்பளிங்குருப் பாறையாயிருக்க, நடுவே யுராசிக் காலத்து மணற்கல்லும் மாக்கல்லும் சிறு தீவுகள் போற் காணப்படுகின்றன. அவற்றிலே தாவரங்களின் பதிவுகள் உள. இவ்வடையல்கள் ஒருகாலத்தில் இன்னும் பரந்து கிடந்திருத்தல் வேண்டும். மற்றையிடங்களில் அவை அரிப்புண்டு போக, பாறை பிளந்து கீழிறங்கிய பள்ளங்களில் மட்டும் தப்பி நின்றன. தப்போவக் குளத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் அடியில் அத்துணை பெரிய பிளவுகள் உள என்பதற்கு இதனினும் வெளிப்படையான சாட்சி வேண்டுவதில்லை.

கிணறு வெட்டுவோர் பாறையிடையே நீர் புறப்படும் வாயை ஊற்றுக்கண் என வழங்குவர். மிகப் பொருத்தமான பெயர் இது. நிலவியலார் பிளவு என்றும் வெடிப்பு என்றும் மூட்டு என்றும் வகுத்துரைப்பனவெல்லாம் நீரைக் கருதுமிடத்து ஊற்றுக்கண்களே. தமிழர் நீர்நிலைகளைப் பெயரிடுவதில் வல்லவர். கேணி, கூவல், துரவு, பூவல், சுனை என்பன ஒவ்வொன்றும் நிலத்தின் இயல்பை உணர்த்துவன. அவற்றுட் சுனை பாறைக்குரியது. மலைமேல் வரட்சியிலும் வற்றாத சுனை உண்டாயின், அங்கே தட்டுவெடிப்பொன்று பாறைமுகத்தில் வந்து வாய் திறந்துளது என்று ஊகித்தல் பெரும்பாலும் பிழையாகாது.

இனி, ஓர் ஊற்றுக்கண் எவ்வளவு நீர் தரும் என்பது ஆராயத்தக்கது. மணலினூடாக நீர் செல்லும் விதியைப் பிரான்சு நாட்டுத் தீசோன் நகரின் பொறியியலாளர் தார்சி 1856-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீர்மட்டத்தின் சாய்வு இருமடங்கானால் ஓட்டமும் இருமடங்காகும். மணலின் தடிப்பு இருமடங்கானாலும் அவ்வாறே. பிளவினுட் செல்லும் நீரும் சாய்வைப் பொறுத்தவரை இவ்விதிக்கு அடங்கும். ஆயின் பிளவின் அகலத்தைப் பொறுத்தவரை கணக்கு முற்றிலும் வேறாகின்றது. அகலம் இருமடங்கானால் ஓட்டம் எட்டு மடங்காகும். மும்மடங்கானால் இருபத்தேழு மடங்காகும். அகலத்தின் கனத்துக்கு ஏற்ப ஓட்டம் பெருகும் என்பது விதி. பிளவின் சுவரை அடுத்த நீர் சுவரோடு ஒட்டி அசையாது நிற்பதும், சுவரினின்று விலகிய நடுநீரே விரைந்தோடுவதும் இதற்குக் காரணம். அகலம் கூடும்போது நீர் செல்லும் வெளியும் கூடுகின்றது. நடுநீரின் வேகமும் அகலத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகின்றது. இரண்டும் பெருகிக் கனமாகின்றன.

எண்களாற் கூறினால் இதன் வலிமை விளங்கும். நூறு மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் சாய்வில் நீர் செல்வதாகக் கொள்க. ஒரு மில்லிமீற்றர் அகலமும் ஒழுங்கான சுவரும் உடைய பிளவு, தன் நீளத்தில் ஒவ்வொரு மீற்றருக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 இலீற்றர் நீரைச் செலுத்தும். அப்பிளவு அரை மில்லிமீற்றராயின் 700 என்பது 90-க்குக் குறைந்துவிடும். பத்திலொரு மில்லிமீற்றராயின் ஓர் இலீற்றரும் வராது. தலைமயிரினும் சிறிது பருத்த ஒரு வெடிப்புக்கும், விரல்நகத்தின் தடிப்புள்ள ஒரு வெடிப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு, வரண்ட கிணற்றுக்கும் ஊருக்கே நீர் தரும் கிணற்றுக்கும் உள்ள வேறுபாடாகிவிடுகின்றது. இயற்கைப் பிளவுகள் கரடுமுரடானவை. களிமண்ணாலும் கல்சியத்தாலும் இடையிடையே அடைபட்டவை. ஆதலின் உண்மை ஓட்டம் இவ்வெண்களினும் குறைந்தேயிருக்கும். எனினும் கன விதியின் போக்கு மாறுவதில்லை. நூறு மெல்லிய வெடிப்புக்கள் இருந்தாலும், அவற்றிடையே தப்பித் தவறி அமைந்த ஓர் அகன்ற வெடிப்பே நீர் முழுவதையும் கொண்டுசெல்லும்.

சுவீடன் நாட்டு இசுத்திரிப்பா என்னுமிடத்திற் கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கமொன்றில், 1977 முதல் 1992 வரை பல நாட்டு அறிஞர்கள் கருங்கல்லினுள் நீரோட்டத்தை ஆராய்ந்தனர். சுரங்கவழியின் மேற்கூரையைப் பல சிறு தாள்களால் மூடி, ஒவ்வொரு தாளிலும் சொட்டும் நீரைத் தனித்தனியே அளந்தனர். கூரையின் பெரும்பரப்பு வரண்டேயிருந்தது. நீரின் பெரும்பங்கு மிகச் சில இடங்களிலிருந்து மட்டும் வந்தது.

மேற்கூறிய ஒரு மில்லிமீற்றர்ப் பிளவைத் தலவில மணலோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. நடுத்தர மணல், அதே சாய்வில், ஒரு மீற்றர்த் தடிப்புக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு இலீற்றர் நீரைச் செலுத்தும். எனவே ஒரு மில்லிமீற்றர்ப் பிளவு ஏழு மீற்றர்த் தடிப்புள்ள மணற்படைக்கு நிகரானது. செலுத்தும் ஆற்றலில் நிகரேயன்றிச் சேமிக்கும் ஆற்றலில் அன்று. நூறு மீற்றர் நீளமும் நூறு மீற்றர் அகலமுமாக விரிந்து கிடக்கும் அப்பிளவு முழுவதும் நீர் நிறைந்திருப்பினும், அதன் கொள்ளளவு பத்தாயிரம் இலீற்றரே. ஒரு நீர்த்தாங்கி வண்டியின் அளவு. அதே பரப்பில் ஏழு மீற்றர் மணல், இறைத்தெடுக்கத்தக்க நீராக மட்டும், அதனைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டதைத் தாங்கி நிற்கும். மணல் தானே குழாயும் தானே தாங்கியுமாயிருக்க, பிளவு வெறுங்குழாயே. குழாய் இருக்கின்றது என்பதனால் தாங்கியில் நீர் இருக்கின்றது என்பது பெறப்படாது.

குழாய்க் கிணறு தோண்டுவோர் பலர் ஏமாறுவது இவ்விடத்தேதான். துளைக்கும்போது நீர் பீறிட்டெழும், வீட்டார் மகிழ்வர், இயந்திரம் பொருத்தப்படும். சில மாதங்கள், அன்றிச் சில ஆண்டுகள் கழிந்தபின் கிணறு காற்றை இறைக்கும். பிளவிலே தேங்கியிருந்த நீர் முடிந்தது. பின்னே நின்று ஊட்டும் சேமிப்பு அங்கே இல்லாதிருந்தது. தொடக்கத்து ஓட்டத்தை மட்டும் அளந்து கிணற்றை மதிப்பிடுதல், ஒருவரது கைப்பையிலுள்ள பணத்தைக் கண்டு அவரது வருமானத்தை மதிப்பிடுதல் போன்றது. பல மணிநேரம், இயன்றால் மூன்று நாள், இடையறாது இறைத்து, நீர்மட்டம் எங்கே நிலைகொள்கின்றது என்றும், நிறுத்தியபின் எவ்வளவு விரைவில் மீளுகின்றது என்றும் அளத்தல் வேண்டும். அவ்வளவையும் மாரி முடிந்தபின் அன்றி, ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் எடுத்தலே தக்கது.

அவ்வாறாயின் பாறை நிலத்தின் தாங்கி எது? பாறையின் மேல் அமைந்த சிதைவுப் போர்வையே அது. வெயிலும் மழையும் வேரும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைத் தாக்க, அதன் மேற்பகுதி வானிலையாலழிந்து உக்கிய கல்லாகவும் பருக்கையாகவும் களிமண்ணாகவும் மாறுகின்றது. உலர்வலயத்தில் இப்போர்வை பெரும்பாலும் பத்து மீற்றரைச் சூழ்ந்த தடிப்புடையது. மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் தடித்தும் காணப்படும். மழைநீர் இதில் ஊறி நின்று, மெல்ல மெல்லக் கீழுள்ள பிளவுகளுக்கு இறங்குகின்றது. இலங்கையின் நிலத்தடி நீர்ப்படைகளை வகுத்த மண்ணியல் அறிஞர் பானபொக்கே, ஆழமற்ற இச்சிதைவுப் படையை மணற்படை, சுண்ணக்கற்படை முதலியவற்றோடு ஒப்பத் தனி வகையாகவே கொண்டார். அது எங்கும் தொடர்ந்து பரவிய ஒரே படையன்று; பள்ளத்தாக்குத் தோறும் தனித்தனிச் சிறு கிண்ணங்களாக அமைந்தது.

முன்னோர் கட்டிய குளங்களின் பெருமை இங்கே புலப்படுகின்றது. ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த சிறுகுளங்கள் வயலுக்கு நீர் பாய்ச்சியதோடு நில்லாது, சிதைவுப் போர்வையை ஆண்டின் பெரும்பகுதி நனைத்து வைத்தன. குளத்தின் கீழுள்ள ஊர்க்கிணற்றின் நீர்மட்டம் குளத்தோடு ஏறி, குளத்தோடு இறங்குவதை ஊரார் கண்ணாரக் காண்பர். ஆனமடுவையை அடுத்த தோணிகல என்னும் இளஞ்சிவப்புக் கருங்கற் பாறையில், கி. மு. முதலாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் பிராமிக் கல்வெட்டு உளது. பௌத்த சங்கத்துக்குக் குளமொன்று வழங்கப்பட்ட செய்தியைக் கூறுவது அது. நீரை உள்ளே விடாத கல்லின்மேல், நீரைத் தேக்கியவரின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு அழியாது நிற்கின்றது. மழை ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீற்றரைச் சிறிதே கடந்து, அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும் நிலத்தில், குளமொன்றைத் தூர்ந்துபோக விடுதல் வயலை மட்டுமன்றிக் குடிநீரையும் இழப்பதாகும். கடந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் அகன்ற விவசாயக் கிணறுகள் உலர்வலயமெங்கும் பெருகின. ஒரு சிறு கிண்ணத்தில் எத்தனை அகப்பைகள் இடலாம் என்று கணக்கிடாது அவை தோண்டப்பட்ட ஊர்களில், ஒருவர் இறைக்க அயலாரின் கிணறு வற்றலாயிற்று.

அடுத்தடுத்த இரு காணிகளில் ஒன்றிற் கிணறு நிறைந்தும் மற்றதில் வரண்டும் இருத்தல் பாறை நிலத்தில் அன்றாடக் காட்சி. இதன் காரணத்தை விளக்கப் பிளவுகளின் அகலம் மட்டும் போதாது. அவற்றின் தொடர்பும் நோக்கப்படல் வேண்டும். ஒரு தாளில் ஒரே நீளமுள்ள கோடுகளை மனம்போனபடி ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு செல்க. முதலில் அவை தனித்துக் கிடக்கும். பின்னர்ச் சிறு சிறு கூட்டங்களாக இணையும். கோடொவ்வொன்றும் சராசரியாக மூன்று நான்கு கோடுகளையேனும் வெட்டும் நிலை வரும்போது, திடீரெனத் தாளின் ஒரு கரையினின்று மறுகரை வரை தொடர்ந்த வழி பிறக்கும். அந்நிலைக்குச் சற்று முன் வழியே இல்லை. சற்றுப் பின் வழி உண்டு. 1957-ஆம் ஆண்டில் புரோட்பெண்ட், அமசிலி என்னும் இரு ஆங்கிலேயர் வகுத்த கணித முறை இத்தகைய திடீர் மாற்றங்களை ஆராய்வது. பாறையின் பிளவு வலை பல இடங்களில் இவ்வெல்லையை ஒட்டியே அமைந்துளது. ஆகவே துளை பத்துப் பிளவுகளைக் கடந்து சென்றாலும், அவை வலையோடு சேராத தனிப்பிளவுகளாயின் பயனில்லை. ஒரேயொரு பிளவு வலையோடு சேர்ந்ததாயின் போதும்.

கவைக்கோல் பிடித்து நீரோட்டம் காண்போர் உலர்வலயத்திலும் தமிழகத்திலும் இன்றும் மதிக்கப்படுகின்றனர். கோல் தாழும் இடத்தில் நீர் உண்டென்பதற்கு ஆய்வு முறையான சான்று எதுவும் கிடைத்திலது. ஆயினும் அவருட் சிலர் நிலத்தின் சரிவையும், மரங்களின் வரிசையையும், புற்றுக்களின் நிலையையும் நெடுங்காலம் கண்டு பழகியவர். கோலை எறிந்துவிட்டு அக்கண்ணை மட்டும் பயன்படுத்தினால் அவர்தம் வெற்றி குன்றாது. நிலவியலார் செய்வதும் அதன் வேறன்று. விமானப் படத்திலும் செய்மதிப் படத்திலும் நேர்கோடாகச் செல்லும் ஓடைகளையும், மரவரிசைகளையும், நிறவேறுபாடுகளையும் குறித்துக்கொள்வர். இரு நேர்கோடுகள் வெட்டும் இடங்களைத் தெரிவர். அங்கே நிலத்தில் மின்னைச் செலுத்தி அதன் தடையை அளப்பர். நீரூறிய சிதைவுகல் மின்னை எளிதிற் கடத்தும். உடையாத கல் கடத்தாது. களிமண்ணும் கடத்துமாதலின் ஏமாற்றத்துக்கு இடமில்லாமற் போகவில்லை.

இலங்கையில் இப்பணிக்கென நீர்வளச் சபை 1964-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975-இல் தொழிற்படத் தொடங்கியது. கல்லை அடித்தும் சுழற்றியும் துளைக்கும் பொறிகள் வந்தபின், கைப்பம்பி பொருத்திய குழாய்க் கிணறுகள் பாறை நிலமெங்கும் பல்லாயிரமாகப் பெருகின. கைப்பம்பிக்கு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து இலீற்றர் நீரே போதும். அத்துணைச் சிறு தேவைக்குப் பாறையின் பிளவுகள் பெரும்பாலும் ஈடுகொடுப்பன. மின்பம்பி வந்து தேவை பன்மடங்கானபோதே சிக்கல் எழுந்தது. தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்காற்பங்கு இத்தகைய வன்பாறையே. கொங்குநாட்டிலே ஆயிரம் அடிக்குக் கீழும் துளையிட்டு நீரின்றிப் போனோர் பலர். கடனும் துளையுமே எஞ்சிய குடும்பங்களின் கதை அங்கே புதிதன்று.

ஆழம் செல்லச் செல்ல நீர் பெருகும் என்பது மணனிலத்தாரின் எண்ணம்; பாறைக்கு அது பொருந்தாது. மேற்பாறையின் சுமை பிளவுகளை நெருக்கி மூடுதலின், பெரும்பாலான நீர் முதல் அறுபது எழுபது மீற்றருள்ளேயே கிடைக்கின்றது. அதற்குக் கீழே பிளவுகள் அருகியும் ஒடுங்கியும் போகின்றன. முற்றாக மறைந்துவிடுவதில்லை. இரசியாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கி 1989-இல் 12,262 மீற்றர் ஆழம் எட்டிய துளையில், நீர் இராது என்று எண்ணப்பட்ட ஆழங்களிலும் பிளவுகளும் உவர்நீரும் காணப்பட்டன. இலங்கையிலேயே இதற்குரிய சான்று திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்று. இராவணன் தன் தாய்க்குக் கடனாற்ற வாளால் ஊன்றி நீர் எழுப்பினான் என்பது ஐதிகம். கிழக்கே மகா ஓயா முதலிய வேறு வெந்நீரூற்றுக்களும் உள. தீவில் எரிமலை இல்லை. மழைநீர் ஆழப்பிளவுகளின் வழி இறங்கி, கிலோமீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து பாகையாகக் கூடும் நிலவெப்பத்தை ஏற்று, வேறொரு பிளவின் வழி விரைந்து மேலெழுகின்றது. மகா ஓயாவின் நீர் ஐம்பது பாகைக்கு மேற்பட்ட வெம்மையுடையதாதலின், அது ஒரு கிலோமீற்றருக்குக் குறையாத ஆழம் சென்று மீண்டதாதல் வேண்டும். வாளால் ஊன்றிய கதையிலே பாறை பிளந்தது என்னும் பகுதி உண்மையொடு முரண்படவில்லை.

பிளவு வலையின் தொடர்பை அறியாது அதனுட் கைவைத்தலின் விளைவை மலைநாடு அண்மையிற் கண்டது. உமா ஓயாத் திட்டத்துக்காகப் பதினைந்து கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கவழி பண்டாரவளைப் பகுதியின் அடியிற் குடையப்பட்டபோது, 2014-ஆம் ஆண்டு டிசெம்பரில் பிளவொன்றினின்று பெருநீர் உட்புகுந்தது. சுரங்கம் ஒரு நெடிய கிடைக்கிணறாகிவிட்டது. மேலே ஊர்களிற் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின, நீர் வடிந்த மண் அமுங்கியதால் வீடுகளின் சுவர்கள் வெடித்தன, தோட்டங்கள் காய்ந்தன. மக்கள் வீதிக்கு வந்தனர். பிளவுகளைச் சீமெந்துக் குழம்பால் அடைத்து வேலை தொடர்ந்தது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. சுரங்கத்துக்கும் கிணற்றுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மீற்றர் கல் இருந்ததே என்று வாதிடுதல் பயனற்றது. ஒரு மில்லிமீற்றர் வழிக்கு நூறு மீற்றர் கல் தடையாகாது. இதற்கு மறுதலையாக, பின்லாந்து நாட்டார் ஒல்கிலுவொத்தோவில் 400 மீற்றருக்குக் கீழே பளிங்குருப் பாறையைக் குடைந்து, அணுவுலைக் கழிவை இலட்சம் ஆண்டு காக்க முற்பட்டபோது, ஒவ்வொரு பிளவையும் தேடி அளந்து, நீர் தரும் பிளவை விலக்கியே அறை அமைத்தனர். செல்வ நாடு கழிவுக்குக் காட்டிய கவனம், உழவர் கிணற்றுக்குக் காட்டப்படாமற் போனது வருந்தத்தக்கதே.

நீரின் அளவைப் போலவே அதன் குணமும் பிளவால் அமைகின்றது. பாறையோடு நெடுங்காலம் ஒட்டிநிற்கும் நீர் அதன் கனிப்பொருள்களைக் கரைத்துக்கொள்ளும். கருமைக்கா, கோண்பிளெண்டு, அப்பற்றைற்று முதலியவற்றிலிருந்து புளோரைட்டு நீரிற் சேர்கின்றது. உலக சுகாதாரத் தாபனம் இலீற்றருக்கு 1.5 மில்லிகிராமை மேலெல்லையாகக் கொண்டுளது. வெயிலில் உழைத்து மிகுநீர் பருகுவோர் வாழும் நாட்டுக்கு அதுவும் மிகை. இலங்கையின் உலர்வலயத்திற் பல குழாய்க் கிணறுகள் இவ்வெல்லையைக் கடந்தன. பற்கள் பழுப்புக் கறை படிந்த சிறுவரை வடமத்திய மாகாணத்து ஊர்களில் எளிதிற் காணலாம். பேராதனைப் பேராசிரியர் திசாநாயக்கா, வீரசூரியாவோடு சேர்ந்து 1985-இல் வெளியிட்ட நீர்ப்புவியிரசாயனப் படத்தொகுதி இப்பரம்பலை முதன்முதல் நாடளாவிக் காட்டிற்று. 1990-கள் முதல் அதே நிலத்து உழவரிடையே காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவி, பல குடும்பங்களின் தலைவர்களைக் கொண்டுசென்றுளது. கடினநீரும் புளோரைட்டும் வேளாண்மருந்துகளும் வெப்பமும் தனித்தும் சேர்ந்தும் ஆராயப்படுகின்றன. முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை. கிராமங்கள் பலவற்றில் இன்று நீரை வடித்துத் தூய்தாக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. சிதைவுப் போர்வையிலுள்ள ஆழமற்ற கிணற்று நீரிற் புளோரைட்டுப் பொதுவாகக் குறைவு என்பதும், மழை ஊறும் இடத்தை அண்மிய கிணறு தூரத்துக் கிணற்றினும் நல்லது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கவை.

இன்னுமொரு வேறுபாடு உளது. கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் செறிவாகப் பயிரிடப்படுவதால் உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரிற் கலந்து, பல கிணறுகளிற் குடிநீருக்குரிய அளவை மீறியுளது. ஆயினும் மணலில் அழுக்கு மெதுவாகவே நகரும். மேற்கூறிய சாய்வில் அது நாளொன்றுக்கு மூன்றிலொரு மீற்றர் செல்லும். வழியில் நோய்க்கிருமிகள் வடிபட்டு மடியும். அதே சாய்வில் ஒரு மில்லிமீற்றர்ப் பிளவில் நீர் ஒரு நாளிற் பலநூறு மீற்றர் கடக்கும். வடிகட்டுவதற்கு அங்கே மணல் இல்லை. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பதடி இருத்தல் வேண்டும் என்னும் பொது விதி மண்ணையும் மணலையும் மனங்கொண்டு வகுக்கப்பட்டது. போர்வை மெலிந்து பாறை வெளித்தெரியும் காணியில், குழி எத்தனை அடி தள்ளியுளது என்பதனோடு, அங்குள்ள வெடிப்புக்கள் எத்திசையில் அணிவகுத்துள்ளன என்பதும் பார்க்கப்படல் வேண்டும். அதனை அறிய அயலிலுள்ள கல்லுடைக்கும் இடத்துக்கு ஒருமுறை சென்று வந்தாலே போதும்.